வறுத்தாலும் போகாது முந்திரி ஒவ்வாமை

பாயசம் குடித்த குழந்தைக்கு உதடு வீங்கி உடம்பெல்லாம் தடித்துவிட்டது என்று பண்ருட்டிப் பக்கத்திலிருந்து கடலூருக்குத் தூக்கி வருவார்கள். "முந்திரிய நெய்யில நல்லா வறுத்துத்தான் சார் போட்டேன்" என்பார் அம்மா. வறுத்தால் ஒவ்வாமை போய்விடும் என்ற நம்பிக்கை இங்கே வேரோடிக் கிடக்கிறது. குழந்தைகள் மருத்துவனாக நான் முதலில் மறுப்பது அதைத்தான்.

ஒவ்வாமையைக் கிளப்புவது விதையிலுள்ள புரதம். அது முளைக்கப்போகும் செடிக்கான சேமிப்பு. மல்லாட்டை, அதாவது நிலக்கடலைப் பருப்பின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு புரதம். காய் முற்றும்போது பருப்பின் செல்களுக்குள் உருவாகும் இந்தப் புரதம், பெரும்பாலும் செல்லுக்குள் புரதத்தைப் பிரித்தனுப்பும் கோல்கி உறுப்புகள் வழியாக, வாக்குவோல் என்கிற நுண்குமிழ்ப் பைகளுக்குப் போகிறது. இலையின் செல்லில் அந்தப் பை நிறைய நீர் இருக்கும். விதையிலோ புரதம் அடைந்து கிடக்கும். அங்குள்ள நொதிகள் அதைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்ட, துண்டுகள் இறுகப் பொருந்திக்கொள்ளும். விதை காய்ந்து மாதக்கணக்கில் கிடந்தாலும் கெடாது. ஈரம் பட்டு முளைவிடும்போதுதான் வேறு நொதிகள் அதை அமினோ அமிலங்களாக உடைத்து முளைக்கு ஊட்டும்.

அந்த உறுதிதான் நமக்குச் சிக்கல். முந்திரியில் ஒவ்வாமை தரும் விசிலின், லெகுமின், 2எஸ் அல்புமின் மூன்றுமே சேமிப்புப் புரதங்கள். 2எஸ் அல்புமின் சிறியது; கந்தகப் பிணைப்புகளால் முடிச்சுப் போட்டதுபோல் இறுகியது. வாணலிச் சூடும் இரைப்பை அமிலமும் அதை லேசில் குலைப்பதில்லை. மல்லாட்டையிலும் இதே வகைப் புரதங்கள்தான். வறுப்பதால் அதன் ஒவ்வாமைத் தன்மை கூடவும் செய்யலாம். செக்குக் கடலை எண்ணெயில்கூடக் கொஞ்சம் புரதம் தங்கியிருக்கும்.

முந்திரி ஒத்துக்கொள்ளாதவர்களில் பெரும்பாலோருக்குப் பிஸ்தாவும் ஆகாது. கொட்டை உடைப்பவர்களின் கைப்புண் வேறு கதை. அது கொட்டையின் மேல்தோட்டிலுள்ள எண்ணெயின் வேலை.

இதைப் படித்துவிட்டு எல்லாக் குழந்தைகளுக்கும் பருப்பை நிறுத்திவிடாதீர்கள். கடும் கரப்பான் (எக்சிமா என்னும் தோல் அழற்சி) அல்லது முட்டை ஒவ்வாமை உள்ள கைக்குழந்தைகளுக்கு மல்லாட்டையை முதல் வயதுக்குள்ளேயே பழக்கியபோது ஒவ்வாமை வெகுவாகக் குறைந்ததை 2015-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. அப்படிப்பட்ட குழந்தைக்கு மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். முழுப்பருப்பு வேண்டாம், தொண்டையில் சிக்கும். விழுதாக அரைத்துக் கொடுங்கள்.

தடிப்போடு வாந்தி, இருமல், குரல் மாற்றம், சோர்வு இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் 108-ஐ அழையுங்கள். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் சாய்த்து உட்கார வையுங்கள். செட்ரிசின் என்ற அலர்ஜி மருந்து அரிப்பைக் குறைக்கும், உயிரைக் காக்காது. தேவை தொடைத் தசையில் அட்ரினலின் ஊசி. தடிப்பு மறைந்ததும் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். சில மணி நேரம் கழித்து ஒவ்வாமை மறுபடி தாக்கலாம், மருத்துவர் சொல்லும்வரை மருத்துவமனையிலேயே இருங்கள்.