டோக்கன் இல்லாமல் போட் கிளம்பாது

தங்கச்சிமடத்தில் என் ஜெராக்ஸ் கடையில் இருக்கும் கம்ப்யூட்டரைத் திறந்தால் ஃபேனில் தூசியோடு உப்பும் அப்பிக்கிடக்கும். கடலோரத்தில் எந்த மெஷினும் அப்படித்தான். அதில் ஓடுவது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போடலாமென்றால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டுமாம். என் பழைய போர்டில் அது இல்லை.

சென்னையில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் அக்கா மகன் கிறிஸ்துமஸுக்கு வரும்போதெல்லாம் ஒரே பாட்டு: "மாமா, லினக்ஸ் போட்டுருங்க. பைசா செலவில்ல." லினக்ஸ் என்பது விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள், அதாவது ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம். அவன் சொல்வதில் தப்பே இல்லை. ஆனாலும் நான் மாறவில்லை. காரணம், மேசை ஓரத்தில் கிடக்கும் கைரேகைக் கருவி. பென்ஷன் வாங்குகிற பெரியவர்கள் உயிர்வாழ் சான்றுக்காக அதில்தான் விரல் வைப்பார்கள். பாசி எடுத்தே விரல் தேய்ந்த அக்காமாருக்கு நாலு தடவை, அஞ்சு தடவை வைத்தால்தான் ரேகை விழும். அந்தக் கருவியைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். விற்றவர்கள் எனக்குக் கொடுத்தது விண்டோஸ் டிரைவர் மட்டும்.

ஒரு கருவி எதற்காக ஒரே ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பிடித்துத் தொங்க வேண்டும்? அதைப் புரிந்துகொள்ள ராமேஸ்வரம் ஜெட்டிப் பக்கம் போக வேண்டும்.

விசைப்படகு கடலுக்குப் போக மீன்துறையில் அனுமதி டோக்கன் வாங்க வேண்டும். காற்று பலமாக வீசும் என்று எச்சரிக்கை வந்தால் டோக்கன் கிடையாது. கம்ப்யூட்டருக்குள்ளும் இதே கதைதான். வேர்டாகட்டும், பிரௌசராகட்டும், எந்த புரோகிராமும் டிஸ்க்கையோ பிரிண்டரையோ நேரடியாகத் தொட முடியாது. ஆபரேட்டிங் சிஸ்டத்தின் நடுப்பகுதியான கெர்னலிடம் "இந்த ஃபைலைத் திற", "இதை எழுது" என்று கேட்டாக வேண்டும். இப்படிக் கேட்பதற்கு சிஸ்டம் கால் என்று பெயர். இது வெறும் மரியாதை இல்லை. பிராசசரே தடுத்து நிறுத்துகிறது. இன்டெல் 1985இல் கொண்டுவந்த 386 சிப்பில் 0 முதல் 3 வரை நான்கு அதிகார நிலைகள் உண்டு. கெர்னல் 0இல் உட்கார்ந்திருக்கும், நாம் ஓட்டும் புரோகிராம்கள் 3இல். எண் குறைந்தால் அதிகாரம் கூடுதல். 3இல் இருப்பவன் 0க்கான கட்டளையைத் தொட்டால், சிப் அந்த இடத்திலேயே நிறுத்திக் கெர்னலைக் கூப்பிட்டுவிடும். (கடலில் டோக்கன் வாங்காமல் நழுவுகிற போட்டும் உண்டு. கம்ப்யூட்டரில் அப்படி நழுவ வழி கிடைத்தால் அதைத்தான் பாதுகாப்பு ஓட்டை என்கிறார்கள்.)

கெர்னலின் இந்த டோக்கன் கவுன்ட்டர் ஒவ்வொரு ஆபரேட்டிங் சிஸ்டத்திலும் வேறு. வழக்கமான 64 பிட் இன்டெல் கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஓடினால், "படி" என்பதற்கு எண் 0, "எழுது" என்பதற்கு 1, "திற" என்பதற்கு 2. விண்டோஸில் எண்கள் வேறு, அதுவும் வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறும். அதனால் அங்கே புரோகிராம்கள் எண்ணைச் சொல்வதில்லை. மைக்ரோசாஃப்ட் கொடுத்த டிஎல்எல் என்ற பொதுவான உதவி ஃபைல்கள் வழியாகக் கேட்கின்றன. சிப் ஒன்றாகவே இருந்தாலும் விண்டோஸ் புரோகிராம் லினக்ஸில் விழிப்பது இதனால்தான். ஃபைலின் முகமே வேறு: விண்டோஸ் புரோகிராம் இருக்கும் ஒரு எக்ஸ்இ ஃபைலை நோட்பேடில் இழுத்துப் போட்டால் முதல் இரண்டு எழுத்து 'எம்', 'இசட்' என்று வரும். லினக்ஸ் ஃபைலில் ஒரு குறிக்குப் பிறகு 'ஈ', 'எல்', 'எஃப்'.

1993இல் தொடங்கிய வைன் என்ற மென்பொருள், விண்டோஸ் புரோகிராம் கேட்பதை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்லும் துபாஷி. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பழைய புரோகிராம்களை அதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். சிலது ஓடும், சிலது மக்கர் பண்ணும். ஆனால் கைரேகைக் கருவிக்கு அது உதவாது. கருவியோடு பேசும் டிரைவர் கெர்னலோடு ஒட்டி வேலை செய்வது. துபாஷியோ நிலை 3இல் நிற்பவர், அவருக்கு அந்த அறைக்குள் அனுமதி இல்லை. ஆக, விண்டோஸை நான் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்வதைவிட, அந்தக் கருவி எனக்காகத் தேர்ந்தெடுத்துவிட்டது என்பதே பொருத்தம்.

எங்கள் தெருவில் நாட்டுப்படகு வைத்திருக்கும் அண்ணனிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். "எனக்கு எதுக்குடா தம்பி லினக்ஸ்? வீட்டுல கம்ப்யூட்டரே இல்ல." அவர் சட்டைப் பையில் பாலிதீன் கவருக்குள் இருப்பதே லினக்ஸ்தான். ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதத் தொடங்கிய அதே கெர்னல்மேல்தான் ஆண்ட்ராய்டு நிற்கிறது. முதல் ஆண்ட்ராய்டு போன் வந்தது 2008இல். அவர் சம்சாரம் வைத்திருக்கும் பட்டன் ஜியோபோனை ஓட்டும் 'கை ஓஎஸ்' (KaiOS) என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் அடியில் லினக்ஸ்தான்.

லினக்ஸுக்கு முன்மாதிரியான யூனிக்ஸ் என்ற பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தின் வழக்கத்தில், ஒரே மெஷினைப் பலர் பயன்படுத்தினால் ஆளுக்கொரு எண் கொடுப்பார்கள்; ஒருவர் அனுமதிக்காவிட்டால் அவர் ஃபைலை இன்னொருவர் திறக்க முடியாது. ஆண்ட்ராய்டு அந்த எண்ணை ஆப்புகளுக்குக் கொடுத்துவிட்டது. வாட்ஸ்அப் ஒரு ஆள், மேப் இன்னொரு ஆள், எண்கள் 10000இல் தொடங்கும். ஒரே கூரைக்குள் குடியிருக்கும் அந்நியர்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்த யோசனை.

ஆனால் போனுக்கு வேறொரு குணமும் உண்டு. அண்ணன் ஒரு ராத்திரி வலை பாய்ச்சிவிட்டு, போன வழியைப் பதிய மேப் ஆப்பை ஓடவிட்டுப் போனைப் பையில் போட்டுக்கொண்டார். விடிந்து பார்த்தால் கோடு பாதிக் கடலில் நிற்கிறது. "செத்துப்போச்சு தம்பி" என்று கொண்டுவந்தார். போன் சாகவில்லை. மெமரி குறைந்தால் கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் ஆப்புகளை ஆண்ட்ராய்டு தானே நிறுத்தும். போதாக்குறைக்கு, 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், திரை அணைந்து போன் சும்மா கிடந்தால் ஆப்புகளைத் தூங்கவைத்து பேட்டரியை மிச்சம்பிடிக்கும் வழியும் சேர்ந்துவிட்டது. போன் கம்பெனிகள் தங்கள் பங்குக்கு இன்னும் இறுக்குகின்றன. கரையில் இருப்பவருக்கு அது நல்லது. எல்லைக்கோடு பக்கத்திலேயே இருக்கிற பாக் நீரிணையில் நல்லதில்லை.

படகில் கட்டியிருக்கும் ஜிபிஎஸ் கருவிக்கு இந்தத் தொல்லை இல்லை. வீடியோ பார்க்காது, மெசேஜ் வாங்காது. ஒரே வேலை என்பதால் யாரைத் தூங்கவைப்பது என்ற கேள்வியே அதற்குள் எழுவதில்லை. பேட்டரி செட்டிங்கில் மேப் ஆப்புக்கு மட்டும் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டேன். அண்ணன் தலையாட்டினார், ஆனால் வழி பார்ப்பது இப்போதும் ஜிபிஎஸ்ஸில்தான்.

அக்கா மகன் பிளஸ் டூ படித்தபோது கிடைத்த அரசு இலவச லேப்டாப் ஒன்று வீட்டில் கிடந்தது. 2011இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் தமிழக அரசு நிறுவனமான எல்காட் கொடுத்த லேப்டாப்புகளில் விண்டோஸும் இருந்தது, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும். பையன்கள் எல்லாரும் விண்டோஸைத்தான் அமுக்கினார்கள். கேம் அதில்தானே ஓடும். போன கிறிஸ்துமஸுக்கு அவன் அதில் இரண்டையும் அழித்துவிட்டு லேசான ஒரு லினக்ஸைப் போட்டுக் கடையில் வைத்துவிட்டுப் போனான். பரீட்சை ரிசல்ட் பார்ப்பது, ரயில் டிக்கெட், தமிழ் டைப்பிங் எல்லாம் இப்போது அதில்தான். விரல் வைக்க யாராவது வந்தால் மட்டும் நாற்காலியைப் பழைய மெஷின் பக்கம் திருப்புகிறேன்.