முங்கிய அன்றே மலை ஏறாதீர்கள்

ஏப்ரல் லீவு விட்டதும் ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கமிருந்து வான் பிடித்துப் பாசிக்குடாவுக்கும் நிலாவெளிக்கும் கிளம்புகிறவர்கள் ஏராளம். வாடைக்காற்று ஓய்ந்து கிழக்குக் கடல் தெளியும் காலம் அது. சிலிண்டர் கட்டிச் சுழியோடுகிறவர்களும் இப்போது கூடிவிட்டார்கள். பிழை பயணத் திட்டத்தில் இருக்கிறது. கோயில், கோட்டை எல்லாம் பார்த்துவிட்டு, சுழியோட்டத்தைக் கடைசி நாள் காலைக்குத் தள்ளுகிறார்கள். பகல் சாப்பாடு முடிந்ததும் வான் புறப்படுகிறது, இரவு வீட்டில்.

20 மீற்றர் ஆழத்தில் உடம்பு தாங்கும் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல மூன்று மடங்கு. அங்கே சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்துவிடும். மேலே வந்தபிறகும் அது வெளியேற மணிக்கணக்காகும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம்; அங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு. செங்கலடியில் ஏ5 வீதியைப் பிடித்துப் பதுளை வழியாக ஏறினால், மிச்ச நைதரசன் உடம்புக்குள்ளேயே குமிழியாகலாம். முங்கியதும் விமானம் ஏறக்கூடாது என்று தெரிந்தவர்களுக்குக்கூட வான் விஷயம் தோன்றுவதில்லை.

விமானம் ஏறுமுன் காத்திருக்கச் சொல்லும் நேரக்கணக்கு சுமார் 600 மீற்றருக்கு மேல் ஏறும் வீதிக்கும் பொருந்தும். பதுளை டவுனே 680 மீற்றர். ஒரேயொரு சாதாரணச் சுழியோட்டம் என்றால் குறைந்தது 12 மணித்தியாலம். ஒரே நாளில் பல தடவை, அல்லது பல நாள் தொடர்ந்து என்றால் 18. ஏறும்போது கட்டாயமாக நின்று நின்று வரவேண்டிய ஆழம் என்றால் 24க்கும் மேல். நாங்கள் எல்லோருக்கும் குறைந்தது 24 என்றுதான் சொல்கிறோம். முதல் நாள் முங்குங்கள், கோயில் கடைசி நாளுக்கு இருக்கட்டும்.

செயற்கைப் பாறைகளில் கூடுதல் கவனம் வேண்டும். இயற்கைப் பாறை சரிவாக இருக்கும். பார்த்துக்கொண்டே மெல்ல மேலே வரலாம். மீன் சேர்வதற்காக இறக்கிய பழைய பஸ்ஸோ, மூழ்கிய கப்பலோ மணல் தரையில் கிடக்கும். முழு நேரமும் அடி ஆழத்திலேயே கழிவதால் நைதரசன் அதிகம் ஏறும். ஏறும்போது நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேல் வேகம் கூடாது. 5 மீற்றரில் 3 நிமிடம் நில்லுங்கள். அறுந்த வலையும் தங்கூசியும் இரும்பில் சிக்கிக் கிடக்கும், வெட்டுக்கத்தி கையில் இருக்கட்டும். பஸ்ஸுக்குள் நுழையாதீர்கள்: துருவும் சேறும் கிளம்பினால் வந்த வழி தெரியாது. 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் 50 மீற்றருக்கும் கீழே. சாதாரணச் சான்றிதழோடு அங்கே போகவே கூடாது. கச்சான் காற்று கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும் என்பதால் காலையிலேயே முடித்துவிடுங்கள். ஈட்டித்துப்பாக்கி கேட்கும் இளைஞர்களுக்கு: இலங்கையில் அதனால் மீன் பிடிப்பது சட்டவிரோதம்.

உடம்பில் நைதரசன் குமிழியானதன் அறிகுறிகள்: தோள், முழங்கை, முழங்கால் உளைச்சல், தோல் அரிப்பு, விரல் விறைப்பு, தலைச்சுற்று, சிறுநீர் போகச் சிரமம். இவை சில நிமிடத்திலும் வரலாம், பல மணி கழித்தும் வரலாம். பயண அலுப்பு என்று தைலம் தேய்த்துப் படுத்துவிடுகிறவர்கள்தான் அதிகம். வழியில் தொடங்கினால் மேலே ஏறாதீர்கள். ஆளைப் படுக்கவைத்து 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து, ஒட்சிசன் வேண்டும் என்று சொல்லுங்கள். குணமாக்குவதாக எண்ணித் திரும்பவும் கடலில் இறக்கக் கூடாது. மலையக ஆஸ்பத்திரியில் யாரும் கேட்கமாட்டார்கள், நீங்களே முந்திச் சொல்லுங்கள்: எத்தனை மீற்றர், எத்தனை நிமிடம், எத்தனை மணிக்கு மேலே வந்தது. ஆழத்தையும் நேரத்தையும் பதியும் டைவ் கம்பியூட்டர் இருந்தால் அதையும் கையோடு கொண்டுபோங்கள்.