ஒரே பாட்டு, இரண்டு நாள்: பாட்ஸி கிளைனின் குரலைப் பிடித்த டேப்

1961 ஆகஸ்ட் 21 அன்று அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் ஒரு ரெக்கார்டிங் இழுத்துக்கொண்டே போனது. அந்த ஊரில் அப்போதிருந்த வழக்கப்படி, மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் மூன்று நான்கு பாட்டை முடித்துவிட்டு வாத்தியக்காரர்கள் அடுத்த வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். அன்றைக்கு நான்கு மணி நேரம் ஆகியும் கையில் இருந்தது ஒரே ஒரு பாட்டு, அதுவும் முடிந்தபாடில்லை. வாத்தியமெல்லாம் அருமையாக வந்துவிட்டது. பாடகிக்குத்தான் மேல் சுரம் எட்டவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால், ஜூன் 14 அன்று நடந்த கார் விபத்தில் முன்கண்ணாடியில் மோதி நெற்றி கிழிந்து, விலா எலும்பு முறிந்து, இடுப்பு மூட்டு விலகி, ஊன்றுகோலோடு வந்து நின்றவர் அவர்.

அவர் பெயர் பாட்ஸி கிளைன். பாட்டின் பெயர் 'கிரேஸி'. எழுதியவர் வில்லி நெல்சன், அப்போது வெளியுலகத்துக்கு அவ்வளவாகத் தெரியாத ஆள்.

அந்தப் பாட்டை இன்றைக்குக் கேட்டால், நள்ளிரவில் எங்கேயோ ஒரு சின்ன அறையில் பியானோக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு பெண் மனம் விட்டுப் பாடுவது போலத்தான் இருக்கும். நடந்தது அப்படியில்லை. பியானோ வாசித்த நாள் ஒன்று, நாம் கேட்கிற குரல் பாடிய நாள் வேறு, நடுவில் சில வாரங்கள். இரண்டு வெவ்வேறு நாட்களை ஒரு டேப்பில் அருகருகே, இழை பிசகாமல் எப்படி ஒட்டினார்கள் என்பதுதான் எனக்கு அந்தப் பாட்டைவிடப் பெரிய ஆச்சரியம்.

முதலில் அந்த விலா எலும்பு. மேல் சுரத்துக்கும் விலாவுக்கும் என்ன சம்பந்தம், சுரம் தொண்டையில்தானே பிறக்கிறது என்று கேட்கலாம். குரல் நாண்கள் இரண்டும் பெண்களுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளம். அவற்றை இழுத்து விறைப்பாக்கினால் அதிர்வு வேகம் கூடும், சுரம் ஏறும். ஆனால் விறைத்த நாணை அசைக்கக் கீழிருந்து காற்று இன்னும் பலமாகத் தள்ள வேண்டும். சாதாரணப் பேச்சுக்கு நாண்களுக்குக் கீழே 6 முதல் 8 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம் போதும். உரக்க ஒரு மேல் சுரம் பிடிக்க வேண்டுமென்றால் அது 20, 30 என்று போகும். அதற்கு நெஞ்சுக்கூடு முழுதாக விரிந்து, வயிறும் விலாவும் சேர்ந்து அழுத்த வேண்டும். முறிந்த விலாவோடு தும்மிப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

மெதுவாகப் பாடுவதாவது சுலபமா என்றால் அதுவும் இல்லை. மூச்சை நிறைய இழுத்துக்கொண்டதும் நுரையீரல் ஊதிய பலூன் போலத் தானாகவே சுருங்கப் பார்க்கும். அப்படியே விட்டால் காற்று ஒரே மூச்சாக வெளியேறி, மென்மையாகத் தொடங்க வேண்டிய வரி அலறலாகத் தொடங்கும். அதனால் வரியின் ஆரம்பத்தில் பாடகர்கள் விலா எலும்புகளுக்கு நடுவே இருக்கிற தசைகளைக் கொண்டு கூட்டைச் சுருங்க விடாமல் பிடித்து வைப்பார்கள், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார்கள். 'கிரேஸி' போன்ற நிதானமான, நீளமான வரிகள் உள்ள பாட்டு முழுக்க முழுக்க இந்தப் பிடித்து வைக்கிற வேலைதான். ஆக, ஏறவும் விலா வேண்டும், நிற்கவும் விலா வேண்டும். அன்று அவரிடம் இல்லாதது அது ஒன்றுதான்.

தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சில வாரம் கழித்துத் திரும்பி வந்து, முன்பே பதிந்து வைத்திருந்த வாத்தியத்தின் மேல் பாட்ஸி பாடினார். ஒரே டேக்கில் முடித்தார் என்பார்கள்.

இந்த இடத்துக்கு வந்து சேர அவர் பட்ட பாட்டையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1932இல் வர்ஜீனியாவின் வின்செஸ்டரில் பிறந்தவர், இயற்பெயர் வர்ஜீனியா பேட்டர்சன் ஹென்ஸ்லி. 1954இல் ஃபோர் ஸ்டார் என்ற ரெக்கார்டு கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார். அந்தக் கம்பெனி பதிப்புரிமை வைத்திருக்கும் பாட்டுகளைத்தான் பாட வேண்டும் என்பது நிபந்தனை. விளைவு, ஐந்தாறு வருடம் கிடைத்ததையெல்லாம் பாடி, 'வாக்கிங் ஆஃப்டர் மிட்நைட்' என்ற ஒரே ஒரு பெரிய வெற்றி. அதுவும் 1957 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் பாடியதால் வந்தது. 1960இல் அந்த ஒப்பந்தம் முடிந்து டெக்கா கம்பெனியில் நேரடியாகச் சேர்ந்த பிறகுதான் கதவு திறந்தது. 'ஐ ஃபால் டு பீசஸ்' 1961இல் கன்ட்ரி என்கிற அமெரிக்கக் கிராமியப் பாணிப் பாட்டுகளின் ஹிட் பட்டியலில் முதலிடம், 'கிரேஸி' அதே வருடம் பாப் பட்டியலிலும் ஒன்பதாம் இடம். 1963 மார்ச் 5 அன்று டென்னசியில் கேம்டன் அருகே விமானம் விழுந்து இறந்தார். வயது 30. நல்ல பாட்டு கிடைத்துப் பாடிய காலம் என்று கணக்குப் பார்த்தால் இரண்டரை வருடம்கூட இல்லை.

இனி அந்த ஸ்டுடியோ. ஓவனும் அவர் தம்பி ஹரால்டும் நாஷ்வில்லின் பதினாறாவது அவென்யூவில் ஒரு பழைய வீட்டை வாங்கி, அதன் பின்பக்கம் ராணுவம் கழித்துப்போட்ட மாதிரித் தகரக் கொட்டகை ஒன்றை ஒட்டவைத்தார்கள். பெரிய குழாயை நெடுக்குவாக்கில் பாதியாக வெட்டிக் கவிழ்த்தது போன்ற வடிவம், பெயர் க்வான்செட் ஹட். வளைந்த கூரை ஒலிக்குக் குழிக் கண்ணாடி மாதிரி: எங்கோ தட்டிய டிரம் திரும்பி வந்து ஒரே இடத்தில் குவியும். அந்த இடத்தில் மைக்கை வைத்தால் தொலைந்தோம். அதனால் உள்பக்கத்தை ஒலி உறிஞ்சும் பொருட்களால் மூடி, பிரதிபலிப்பை உடைத்தாக வேண்டும். அப்படிச் சரிக்கட்டிய ஒரு கொட்டகையைச் சுற்றித்தான் பின்னால் மியூசிக் ரோ என்ற தெருவே வளர்ந்தது.

சரி, டேப்புக்கு வருவோம். நீளமான பிளாஸ்டிக் நாடா, அதன் மேல் இரும்பு ஆக்சைடு தூள் பூச்சு, பார்ப்பதற்குத் துருவின் நிறம். மைக்கிலிருந்து வரும் மின்சாரம் ஒரு சின்ன மின்காந்தத்துக்குப் போகும். அதுதான் ரெக்கார்டிங் ஹெட். நாடா அதை உரசிக்கொண்டு ஓடும்போது, ஒலி ஏறி இறங்குவதற்கு ஏற்ப அந்தத் தூள் காந்தமாகிக்கொண்டே போகும். அதே நாடாவைப் பிறகு இன்னொரு ஹெட்டின் முன் ஓட்டினால் காந்தம் திரும்ப மின்சாரமாகும். பிராட்லியிடம் இருந்த இயந்திரத்தில் இந்த நாடா மூன்று ட்ராக்குகளாகப் பிரிந்திருந்தது, ஒரே ரோட்டில் மூன்று வழித்தடம் போல. வாத்தியங்களையும் கோரஸையும் இரண்டில் போட்டுவிட்டு ஒன்றைக் குரலுக்கென்று காலியாக விட்டு வைக்கலாம்.

காலியாக இருக்கிறது, பிறகு வந்து பாடிவிட்டால் போகிறது, அவ்வளவுதானே? அங்கேதான் சிக்கல். இயந்திரத்தில் ஹெட்டுகள் வரிசையாக இருக்கும்: அழிக்கிற ஹெட் முதலில், பதிகிற ஹெட் அடுத்து, படித்துக் காட்டுகிற ஹெட் கடைசியில். பாடகி தன் ஹெட்ஃபோனில் பழைய பியானோவைக் கேட்பது கடைசி ஹெட்டிலிருந்து. அவர் பாடுவது பதிவதோ அதற்கு முந்தைய ஹெட்டில். இரண்டுக்கும் இடையே ஐந்து சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாடா வினாடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடுகிறது. ஐந்தை 38ஆல் வகுத்தால் 0.13 வினாடி. அவர் தாளத்தோடு கச்சிதமாகப் பாடினாலும், நாடாவில் குரல் போய் உட்காருவது பியானோவைவிட 0.13 வினாடி பின்னால். ஒரு குழு 0.03 வினாடி பிசகினாலே நம் காது 'என்னமோ சரியில்லையே' என்று சொல்ல ஆரம்பித்துவிடும். 0.13 என்றால் பாட்டு நொண்டும்.

இதற்கு ஆம்பெக்ஸ் கம்பெனி 1950களில் கண்ட தீர்வு, கிடார் கலைஞர் லெஸ் பாலுக்காகச் செய்த எட்டு ட்ராக் இயந்திரத்தில் வந்தது, இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிற அளவுக்கு எளிமையானது. பதிகிற ஹெட்டும் படிக்கிற ஹெட்டும் அடிப்படையில் ஒரே சாதனம்தான். கம்பிச் சுருள் சுற்றிய இரும்பு. அப்படியென்றால் பழைய ட்ராக்குகளைக் கடைசி ஹெட்டில் கேட்பானேன்? பதிகிற ஹெட்டிலேயே, அந்த இரண்டு ட்ராக்குக்கான பகுதியை மட்டும் படிக்க வைத்து, மூன்றாவது பகுதியில் குரலைப் பதியலாமே. பியானோவைப் படிக்கிற இடமும் குரல் பதிகிற இடமும் நாடாவின் குறுக்கே ஒரே கோட்டில் வந்துவிடும், தாமதம் பூஜ்யம். பதிவதற்கென்று செய்த ஹெட் படித்துக் காட்டும்போது ஒலி கொஞ்சம் மங்கலாகத்தான் வரும். வரட்டும், அது பாடகியின் காதுக்கு மட்டும். கடைசிக் கலவை செய்யும்போது மூன்றையும் சரியான ஹெட்டில் படித்துக்கொள்ளலாம்.

அதற்கு முன்னாலும் குரல் மேல் குரல் வைத்துப் பதிந்தவர்கள் உண்டு. பாட்டி பேஜ் 1940களின் கடைசியிலேயே தன் குரலுக்குத் தானே பின்குரல் கொடுத்துப் பாடியவர். ஆனால் அப்போதைய வழி, ஒரு பதிவை ஓடவிட்டு அதோடு சேர்ந்து பாடி, இரண்டையும் இன்னொன்றில் மொத்தமாகப் பதிவது. நகலுக்கு நகல் இரைச்சல் கூடும், ஒருமுறை கலந்ததைப் பிரிக்கவும் முடியாது. ட்ராக்குகளின் அருமை, பிரிந்தே இருப்பதில்தான்.

தனியாகப் பாடியதில் இன்னொரு லாபமும் உண்டு. கொட்டகையில் எல்லோரும் ஒன்றாக வாசிக்கும்போது பாடகியின் மைக்கில் டிரம்மும் கொஞ்சம் வந்து விழும். அதனால் அவர் குரலைத் தூக்கினால் டிரம்மும் கூடவே தூக்கிக்கொண்டு வரும். யாருமில்லாத அறையில் அந்தத் தொல்லை இல்லை. மைக்குக்கு மிக அருகில் போய் மெதுவாகப் பாடலாம். ஒரு திசையை மட்டும் கவனிக்கிற மைக்குகளுக்கு ஒரு குணம் உண்டு, வாய் அருகே வர வர அடிக்குரலைக் கூட்டிக் காட்டும். காதோரம் வந்து பேசுவது போன்ற அந்தக் கனம் பாதி தொண்டையிலிருந்தும் பாதி இந்த இயற்பியலிலிருந்தும் வருகிறது. பாட்ஸிக்கு என்னவோ யோடலிங் செய்து, அதாவது குரலை அடியிலிருந்து உச்சிக்குச் சட்சட்டென்று தாவவிட்டு, முழங்கிப் பாடுவதில்தான் ஆசை. இந்த மெதுவான பாட்டுகளும், ஜோர்டனேர்ஸ் என்ற ஆண் கோரஸும், வயலின் பூச்சும் அவருக்கு ஆரம்பத்தில் பிடிக்கவேயில்லை. என்னைக் கேட்டால் அந்தச் சண்டையில் பிராட்லி ஜெயித்தது நல்லதாகப் போயிற்று, கோரஸை மட்டும் இன்னும் கொஞ்சம் குறைத்திருக்கலாம்.

இந்தப் பாட்டை ஒருமுறை ஃபோனின் சின்ன ஸ்பீக்கரில் கேளுங்கள், அப்புறம் நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஹெட்ஃபோனில் பாப் மூர் வாசித்த பெரிய மர பேஸ், அடிச்சுரம் தருகிற தந்தி வாத்தியம், அடியில் உருண்டு வரும். அதன் கடைசித் தந்தி வினாடிக்கு 41 அதிர்வு. ஃபோன் ஸ்பீக்கரால் அதைத் தொடவே முடியாது, 1961இன் கார் ரேடியோவுக்கும் அதே கதைதான். ஆனாலும் ஃபோனிலும் பேஸ் இருப்பதாகவே தோன்றும். அங்கே ஹரால்ட் பிராட்லி இருக்கிறார். ஆறு தந்தி மின்சார பேஸ் ஒன்றை எடுத்து, உள்ளங்கையால் தந்தியை அமுக்கிக்கொண்டு, மர பேஸ் வாசிக்கிற அதே சுரங்களை 'டிக், டிக்' என்று கூடவே தட்டிக்கொண்டு போவார். டிக்-டாக் பேஸ் என்றே அதற்குப் பெயர். அந்த டிக்கில் இருக்கும் உயர்ந்த அதிர்வுகளைச் சின்ன ஸ்பீக்கரால் தர முடியும். 82, 123, 164 என்று 41இன் மடங்குகள் வரிசையாகக் காதில் விழுந்தால், 41 வராவிட்டாலும் மூளை அதைத் தானாகவே போட்டு நிரப்பிக்கொள்ளும். 82ம் வராமல் மேலே உள்ளவை மட்டும் வந்தாலும் கணக்கு அதேதான். நாஷ்வில் ஆட்கள் இதை எந்தப் பாடப்புத்தகமும் பார்த்துச் செய்யவில்லை, ரேடியோவில் எது கேட்கிறதோ அதை வைத்துக்கொண்டார்கள்.

குரல் தனி ட்ராக்கில் இருந்ததற்கு, பாட்ஸி இறந்து பல வருடம் கழித்து ஒரு விசித்திரமான பலன் கிடைத்தது. ஜிம் ரீவ்ஸ் என்ற இன்னொரு கன்ட்ரி பாடகர், அவரும் 1964இல் விமான விபத்தில் இறந்தவர். இருவரும் வாழ்ந்த காலத்தில் ஒரே பாட்டைத் தனித்தனியாகப் பாடி வைத்திருந்தார்கள். 1981இல் ஓவன் பிராட்லி பழைய மூன்று ட்ராக் டேப்புகளை வெளியே எடுத்து, இரண்டு குரலையும் பிரித்தெடுத்து, ஒன்றோடொன்று பொருத்தி, புதிதாக வாத்தியம் வாசிக்க வைத்தார். இப்போது கணினியில் இது பத்து நிமிட வேலை. டேப்பில் அப்படியில்லை: ஒரு குரலை வேகப்படுத்தினால் அதன் சுரமும் ஏறிவிடும், ஆறு சதவீதம் வேகம் கூட்டினால் ஏறக்குறைய அரைச் சுரம். தாளத்தைச் சரிக்கட்டப் போனால் சுருதி கெடும், சுருதியைச் சரிக்கட்டப் போனால் தாளம் கெடும். ஆளில்லாததால் திரும்பப் பாடச் சொல்லவும் வழியில்லை. எப்படியோ பொருத்திவிட்டார்கள். 1982 தொடக்கத்தில் அந்த டூயட் கன்ட்ரி பட்டியலில் முதல் ஐந்துக்குள் வந்தது. உயிரோடு இருந்தபோது அவர்கள் இருவரும் சேர்ந்து ஒரு டூயட்கூடப் பதிந்ததில்லை.