'ஃபேன்' என்றால் வெறியர் இல்லை

ஆங்கிலத்து 'ஃபேன்' தமிழில் வெறியர் ஆவதை ஒரு படத்தின் தமிழ் சப்டைட்டிலில் மறுபடியும் பார்த்தேன். மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கும் ஒரு சிறுவன், தன்னைப் பார்க்க வந்த சூப்பர் ஹீரோவிடம் கண் விரியச் சொல்கிறான்: "நான் உங்களுடைய மிகப் பெரிய வெறியன்." அதைப் படித்ததும் அந்தக் காட்சியே எனக்குக் கெட்டுப்போனது. அடுத்த சில நாட்களில் ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரை கண்ணில் பட்டது. சின்ன வயதிலிருந்து ஸ்பைடர்மேன் இதழ்களைச் சேர்த்துவரும் ஒருவரைப் பற்றியது. அவர் செய்ததெல்லாம் இதழ்களுக்கு உறை போட்டு வைத்ததும், மனசு சரியில்லாத நாளில் ஒன்றை எடுத்துப் புரட்டியதும்தான். அவரையும் 'ஸ்பைடர்மேன் வெறியர்' என்றே எழுதியிருந்தார்கள். இத்தனை நாள் பொறுத்துவிட்டேன். இனி எழுதாமல் இருக்க முடியாது.

முதலில் சொல்லின் வேர். லத்தீனில் ஃபானும் என்றால் கோயில். அதிலிருந்து வந்த ஃபனாட்டிகுஸ், கோயிலைச் சேர்ந்தவனையும் தெய்வம் ஏறி ஆடுபவனையும் குறித்தது. ஆங்கிலத்துக்கு வந்தபோது ஃபனாட்டிக் என்பது மத விஷயத்தில் நிதானம் இழந்தவரைக் குறிக்கும் வசைச்சொல் ஆனது. 1880களில் அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பேச்சில் அது ஃபேன் என்று சுருங்கியது. குத்துச்சண்டைப் பிரியர்களைக் குறித்த ஃபேன்ஸி என்ற சொல்லிலிருந்து வந்தது என்போரும் உண்டு. எப்படி வந்திருந்தாலும், சுருங்கியபோதே வசையும் உதிர்ந்துவிட்டது. இன்று ஆங்கிலத்தில் ஒருவரை ஃபேன் என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஃபனாட்டிக் என்றால் இன்றும் கோபம் வரும்.

'விசிறி' என்று எழுதுவோரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் ஃபேன் என்று ஒலிக்கும் சொற்கள் இரண்டு. காற்று வீசும் ஃபேன் வேறு வழியில் வந்தது. லத்தீனில் வன்னுஸ் என்றால் தானியம் புடைக்கும் கருவி, நம் முறம் போல ஒன்று. அதுதான் பிறகு காற்று வீசும் பொருளுக்கும் பெயரானது. முறத்துக்கும் கோயிலுக்கும் உறவே கிடையாது. ஒலி ஒன்றாக இருந்ததால் யாரோ விளையாட்டாக 'விசிறி' என்றார்கள், அது எழுத்திலும் நிலைத்துவிட்டது. பேச்சில் அது ஒரு செல்லப் பெயராக இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஒரு கட்டுரையின் தலைப்பில் 'பேட்மேன் விசிறிகள்' என்று வரும்போது, படிப்பவர் முதலில் ஆங்கிலத்துக்குத் தாவி, அங்கே தவறான ஃபேனைப் பிடித்து, பிறகு தமிழுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. படிப்பவருக்கு ஏன் இந்த அலைச்சல்?

விசிறி ஒரு பிழை, அவ்வளவுதான். வெறியர் அப்படி இல்லை. அதற்கு ஆதரவாக வாதாடுபவர்கள் விவரம் தெரிந்தவர்கள். "ஃபனாட்டிகுஸ் என்றால் தெய்வம் ஏறி ஆடுபவன். நம் சங்கப் பாட்டில் முருகன் பூசாரியான வேலன் வெறியாடுகிறான், அதுவும் முருகன் ஏறி ஆடுவதுதான். வேருக்கு வேர் இவ்வளவு பொருந்தும் சொல் வேறு எந்த மொழிக்குக் கிடைக்கும்?" என்று கேட்கிறார்கள். கேட்டவுடன் எனக்கும் மனம் இளகியது உண்மை. வெறி என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் நறுமணம் என்றும் பொருள் உண்டு. அழகான சொல்தான், மறுக்கவில்லை.

ஆனால் வெறியாட்டு நடக்கும் அந்தப் பாட்டுகளைத் திரும்பப் படித்துப் பாருங்கள். தலைவி மெலிகிறாள், உறக்கம் இல்லை, வளை கழல்கிறது. இது முருகன் அணங்கிய நோய் என்று தாய் நினைக்கிறாள். வேலனை அழைக்கிறார்கள், வெறியாடுகிறார்கள். உண்மை என்ன என்பது தோழிக்குத் தெரியும். தலைவியின் நெஞ்சு ஒருவனைப் பற்றிக்கொண்டிருக்கிறது. நற்றிணை 34ஆம் பாட்டில் தோழி முருகனிடமே சொல்கிறாள்: "கடவுள் ஆயினும் ஆக, மடவை மன்ற வாழிய முருகே". நீ கடவுளாகவே இரு, ஆனாலும் அறியாதவன்தான் என்கிறாள். தெய்வம் ஏறியதால் வந்த நோய் இது இல்லை, மலைநாடன் ஒருவனின் மார்பு தந்த நோய் என்று தெரிந்தும் நீ வெறியாடும் மனைக்கு வந்து நிற்கிறாயே என்பது அவள் குறை.

ஆக, எந்தப் பாட்டுகளைக் காட்டி வெறியர் என்று எழுதச் சொல்கிறார்களோ, அதே பாட்டுகள் செய்யாதே என்று சொல்லும் தவறு இதுதான். அன்பால் வந்ததை ஆவேசம் என்று எடுத்துக்கொண்டது அந்தத் தாய் செய்த பிழை. ஒரு வாசகர் தன் நாயகன்மேல் வைத்திருக்கும் ஈடுபாட்டுக்கு வெறி என்று பெயர் சூட்டும் மொழிபெயர்ப்பாளர் அதே பிழையைச் செய்கிறார்.

இன்றைய வழக்கையும் பார்ப்போம். மதவெறி, சாதிவெறி, இனவெறி, கொலைவெறி. வெறி சேர்ந்த கூட்டுச்சொற்களில் நாம் அன்றாடம் படிப்பவை இவைதான். ஒரு சொல் எந்தக் கூட்டத்தோடு திரிகிறதோ அந்தக் கூட்டத்தின் குணம் அதற்கு வந்துவிடும். 1992இல் சூப்பர்மேன் இறப்பதாகக் கதை வந்தபோது, அந்த 75ஆம் இதழின் சிறப்புப் பதிப்பைக் கறுப்பு உறையில் இட்டு, கையில் கட்டிக்கொள்ளத் துக்கப் பட்டையும் உள்ளே வைத்து விற்றார்கள். அதை வாங்கித் துக்கம் காத்தவரைப் பற்றி 'வெறியர் துக்கம் அனுசரித்தார்' என்று எழுதினால் அந்த வாக்கியம் நிற்கவே மாட்டேன் என்கிறது. வெறிக்குத் துக்கம் தெரியாது.

"இளைஞர்களே தங்களை வெறியன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்களே" என்பார்கள். சொல்லட்டும். 'எனக்குப் புத்தகப் பைத்தியம்' என்று ஒருவர் தன்னைச் சொல்லிக்கொண்டால் கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. அதே ஆளை நாம் கட்டுரையில் 'புத்தகப் பைத்தியம்' என்று எழுதினால் அது அவமதிப்பு. தன்னைப் பற்றிப் பேசும் உரிமை வேறு, பிறரைப் பற்றி எழுதும் பொறுப்பு வேறு.

சரி, எந்தச் சொல்தான் வேண்டும்? ரசிகர் இருக்கிறதே என்பீர்கள். நல்ல சொல், எல்லோருக்கும் புரியும். வடசொல் என்பதற்காக அதைத் தள்ளுகிறவன் நான் இல்லை. தெளிவுக்குப் பிறகுதான் எனக்குத் தூய்மை. ரசம் என்றால் சுவை, ரசிகர் சுவைப்பவர். அதையே தனித்தமிழில் சுவைஞர் என்று ஆக்கினார்கள், அதுவும் செம்மையான ஆக்கம். ஒரு பாட்டைக் கேட்டு, ஒரு ஓவியத்தைப் பார்த்து மகிழ்பவருக்கு இரண்டும் சரியாகப் பொருந்தும். ஆனால் சுவைப்பவருக்கும் சுவைக்கப்படும் பொருளுக்கும் நடுவே ஒரு இடைவெளி உண்டு. சுவைத்து முடித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடலாம். ஒரு காமிக்ஸ் நாயகனை இருபது முப்பது வருடம் மனதில் வைத்திருப்பவரால் அப்படி எழுந்துபோக முடியாது. அபிமானி என்ற பழைய சொல் ரசிகரைவிட இன்னும் கொஞ்சம் கிட்டே வருகிறது. 'இது என்னுடையது' என்ற உணர்வு அதில் இருக்கிறது. ஆனால் இன்று அது மரியாதைக்குச் சொல்லும் வார்த்தையாகச் சுருங்கிவிட்டது.

நான் எழுதும் சொல் பற்றாளர்.

இது புதுச்சொல் இல்லை. மொழிப்பற்றாளர், நாட்டுப்பற்றாளர் என்று ஏற்கெனவே எழுதிவருகிறோம். பற்று என்ற சொல்லின் வீச்சைக் கொஞ்சம் பாருங்கள். கையால் பிடிப்பது பற்றுவது. தீ தொற்றிக்கொள்வதும் பற்றுவதுதான். கொடி கொழுகொம்பைப் பற்றிப் படர்கிறது. அந்தக் கொழுகொம்புக்கு, ஆதாரமாக நிற்கும் எதற்கும், பற்றுக்கோடு என்று பெயர். பிடிப்பவருக்கும் பிடிக்கப்படுவதற்கும் ஒரே வேரில் சொல் கிடைத்துவிடுகிறது: வாசகர் பற்றாளர், நாயகன் அவருக்குப் பற்றுக்கோடு. ஃபேன் என்ற ஆங்கிலச் சொல்லுக்கே இந்த வசதி இல்லை.

பொருளும் பொருந்துகிறதா என்று பார்க்க, இந்த ஈடுபாடு எப்படி வளர்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். 1962 ஆகஸ்ட் தேதியிட்ட அமேசிங் ஃபேன்டஸி 15ஆம் இதழில் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் ஸ்பைடர்மேனை அறிமுகம் செய்தார்கள். பீட்டர் பார்க்கருக்குச் சுவர் ஏறும் ஆற்றல் வந்துவிடுகிறது. கண் முன்னே ஓடும் திருடனைப் பிடிக்காமல் விட்டுவிடுகிறான், எனக்கென்ன என்ற அலட்சியம். அதே திருடன் பிறகு அவனை வளர்த்த பென் பெரியப்பாவைக் கொன்றுவிடுகிறான். சுவர் ஏறுவதைப் பார்த்து வாசகர் வியக்கலாம், ஆனால் வியப்பு இரண்டு இதழுக்கு மேல் தாங்காது. செய்திருக்க வேண்டியதைச் செய்யாமல் விட்ட அந்தக் குற்ற உணர்ச்சி எல்லோரிடமும் ஏதோ ஒரு அளவில் இருக்கிறது. மனம் போய்ப் பற்றுவது அங்கேதான். 1939இல் வந்த பேட்மேனுக்கு அந்த இடம் பெற்றோரைக் கண்ணெதிரே இழந்த சிறுவன். 1938இல் வந்த சூப்பர்மேனுக்கு அது கண்ணாடி போட்டுக்கொண்டு, யாரும் பொருட்படுத்தாமல், அலுவலகத்தில் கூச்சத்தோடு நடமாடும் கிளார்க் கென்ட். உள்ளே இருக்கும் என்னை யாருக்கும் தெரியவில்லை என்று நினைக்கும் பதின்வயதுப் பிள்ளைக்கு, அந்தக் கண்ணாடி பறக்கும் ஆற்றலைவிடப் பெரிது.

அப்புறம் காலம். காமிக்ஸ் மாதாமாதம் வருவது. ஒரு நாவல் போல முடிந்துபோவதில்லை. வாசகர் பள்ளி முடிக்கிறார், வேலைக்குப் போகிறார், யாரையாவது இழக்கிறார். நாயகன் அதே உடையில் அடுத்த மாதமும் வருகிறான். கொடி ஒரே நாளில் கொம்பைச் சுற்றுவதில்லை, கணுக் கணுவாகத்தான் சுற்றுகிறது. டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு ஆய்வாளர்கள் 1956இல் வானொலி, தொலைக்காட்சி மனிதர்களோடு பார்வையாளருக்கு உண்டாகும் ஒருபக்க உறவைப் பற்றி எழுதியபோது, தொலைவிலிருந்தே உண்டாகும் நெருக்கம் என்று அதை விவரித்தார்கள். தாளில் வரைந்த ஆளிடமும் அந்த நெருக்கம் வரும். பற்று என்ற சொல்லுக்கு இது புதிதில்லை, மொழிமேலும் மண்மேலும் நாம் வைத்திருப்பதும் திரும்பிப் பேசாத ஒன்றின்மேல் வைத்த பற்றுதானே.

இதற்கு எதிராக ஒரு நிகழ்ச்சியைக் காட்டுவார்கள். 1988இல் பேட்மேனின் துணைவன் ராபினாக இருந்த ஜேசன் டாட் வாழ்வதா சாவதா என்று வாசகர்களையே தொலைபேசியில் வாக்களிக்கச் சொன்னார்கள். சாகட்டும் என்று 5,343 வாக்குகள், வாழட்டும் என்று 5,271. எழுபத்திரண்டு வாக்கு வித்தியாசத்தில் அந்தப் பையன் இறந்தான். "இது வெறி இல்லாமல் என்ன?" என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜேசன் இரண்டாவது ராபின். முதல் ராபினான டிக் கிரேசனோடு வளர்ந்த பலர் அந்த இடத்தில் இன்னொருவனை ஏற்க முடியாமல் இருந்தார்கள். பழையதை விடாமல் பிடித்திருந்த கைதான் புதியதைத் தள்ளியது. பற்றுக்கு இந்தக் கடுமையும் உண்டு. தீயும் பற்றும் என்று நம் மொழி சும்மா சொல்லவில்லை. காப்பாற்றச் சொல்லிப் பணம் செலவழித்துத் தொலைபேசியைச் சுழற்றிய ஐயாயிரத்துச் சொச்சம் வாக்குகளையும் மறந்துவிடக் கூடாது. இரண்டு பக்கத்தாருக்கும் பொருந்தும் ஒரே சொல் பற்றாளர்.

பற்று என்பது துறக்க வேண்டியது ஆயிற்றே, அதைப் போய் நல்ல பொருளில் எழுதலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். துறவு அதிகாரத்திலேயே வள்ளுவர் "பற்றுக பற்றற்றான் பற்றினை" என்று வியங்கோள் வினையாக வைத்திருக்கிறார். விடுவதற்கும் பிடிப்பதற்கும் அதே சொல்தான்.

எல்லா இடத்திலும் பற்றாளரைத் திணிக்கச் சொல்லவில்லை. படம் பார்த்துக் கைதட்டிவிட்டுப் போகிறவர் ரசிகர். ரசிகர் கடிதம் என்பது நிலைத்துவிட்ட வழக்கு, அதைக் கலைக்க வேண்டாம். நாயகனோடு வாழ்பவர் பற்றாளர், அவர்கள் கூடுமிடம் பற்றாளர் வட்டம். தன் நாயகனைப் பிடிக்கவில்லை என்று சொன்னவரை இணையத்தில் துரத்தித் துரத்தி மிரட்டுகிறவர் இருக்கிறாரே, அவருக்கு வெறியர் என்ற சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் அதைக் கொடுத்துவிட்டால் அந்த ஆளைச் சொல்ல நம்மிடம் சொல் மிச்சம் இருக்காது.

மொழிபெயர்ப்பவர்களிடம் எனக்குள்ள பெரிய குறை ஒன்று உண்டு. அகராதியில் பெயர்ச்சொல்லுக்கு எதிரே இன்னொரு பெயர்ச்சொல்லைத் தேடி எடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். யார் பேசுகிறார், யாரிடம், எந்த வயதில், எந்த நிலையில் என்று பார்ப்பதில்லை. அந்தக் கட்டில் சிறுவனின் வாயில் பற்றாளரைப் போட்டாலும் தவறுதான். எட்டு வயதுப் பிள்ளை 'நான் உங்கள் பற்றாளன்' என்று பேசாது. அவன் இடத்தில் தமிழ்ப் பிள்ளை ஒன்று படுத்திருந்தால் பெயர்ச்சொல்லே தேவைப்பட்டிருக்காது. முகமூடி போட்டவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு நீங்கன்னா உயிர்" என்றிருக்கும்.