சீலர்: கல்லுக்கு முத்திரையா, காப்பா?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் தங்கை வீட்டுச் சமையல் மேடையில் ஒரு வளையம் இருக்கிறது. மாங்காய் ஊறுகாய் ஜாடியின் அடிவட்டம். வெளிர்நிறக் கல்லில் தேன் நிறத்தில் முழு வட்டமாக, ஓரத்தில் மட்டும் சற்று அடர்ந்து. விரலால் தடவினால் ஒன்றும் தட்டுப்படாது, கல் வழுவழுவென்றுதான் இருக்கிறது. சோப்பு, சபீனா, வெந்நீர் எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டாள். "மேல இருந்தா போயிருக்கும் அக்கா, உள்ள ஊறிப்போச்சு" என்றாள். கல் பதித்தவர் வேலை முடித்துக் கிளம்பும்போது, "சீலர் அடிச்சாச்சும்மா, இனி ஒரு சொட்டு உள்ள போகாது" என்று சொல்லிவிட்டுப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. சீலர் என்பது கல்லில் நீரும் எண்ணெயும் ஊறாமலிருக்கப் பூசும் திரவம்.

அவர் வேண்டுமென்றே பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவரையும் ஏமாற்றியது அந்தச் சொல்தான். 'சீல்' என்று கேட்டதுமே நமக்கு இறுக மூடிய ஒன்று மனதில் வந்துவிடுகிறது.

ஆங்கிலத்தின் 'சீல்' பழைய பிரெஞ்சு வழியாக வந்த லத்தீன் சொல். லத்தீனில் 'சிக்னும்' என்றால் குறி, அடையாளம். அதன் சிற்றுருவம் 'சிகில்லும்', அதாவது சிறு குறி. மோதிரக் கல்லில் செதுக்கிய உருவத்தை மெழுகிலோ களிமண்ணிலோ அழுத்தினால் விழுமே, அந்தப் பதிவு. புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுப் பத்திரங்களில் முத்திரையைக் குறிக்கும் 'சோ' என்ற சொல்லுக்கும் இதுவே வேர்.

இந்த வேர்ச்சொல்லுக்கும் நம் ஊருக்கும் இன்னும் பழைய உறவு உண்டு. 1945இல் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் பழைய வணிகத் துறையான அரிக்கமேட்டை அகழ்ந்த தொல்லியலாளர் மார்டிமர் வீலர், அந்த இடத்தின் காலத்தைக் கணிக்கப் பெரிதும் நம்பியது இத்தாலியிலிருந்து வந்திருந்த பளபளப்பான சிவப்புப் பாண்டத் துண்டுகளை. குயவர் முத்திரை பதிந்த ஓடுகள் அவற்றில் உண்டு. அந்த வகைப் பாண்டத்தைத் தொல்லியலாளர்கள் 'டெரா சிகில்லாட்டா' என்பார்கள்: குறி பதித்த மண். 'சீல்' என்ற சொல் நம் நாவுக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அந்தப் பொருள் நம் கரையில் இறங்கிவிட்டது.

நம்மிடமும் அதற்குச் சொல் இல்லாமல் இல்லை. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தில் பண்டங்களின் மேல் புலி பொறித்து அனுப்பியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. பொறி, இலச்சினை, முத்திரை மூன்றும் இந்த வேலைக்கான சொற்கள்தான். முத்திரையும் இலச்சினையும் வடமொழி வழி வந்தவை, பொறி நம்முடையது.

முத்திரை தானாக எதையும் மூடுவதில்லை. மூடிய பிறகு யாரும் திறக்கவில்லை என்பதற்குச் சாட்சியாக நிற்கிறது, அவ்வளவுதான். ஓலையையோ பொதியையோ மூடிக் கட்டிய இடத்தில் எப்போதும் முத்திரை இருந்ததால், நாளடைவில் ஆங்கிலத்தில் மூடுவதற்கே 'சீல்' என்று பெயராயிற்று. பிறகு கசிவை அடைப்பதற்கும் அதே பெயர். தமிழில் இந்தப் படிகள் எல்லாமே இன்றைக்கும் பக்கத்துப் பக்கத்தில் புழங்குகின்றன. தாலுகா ஆபீஸில் கையெழுத்துப் போட்டுச் சீல் குத்துகிறார்கள்: அது குறி. வரி கட்டாத கடைக்குச் சீல் வைக்கிறார்கள்: அது பூட்டு. பைக் மெக்கானிக் ஆயில் சீல் போயிடுச்சு என்கிறார்: அது கசிவடைப்பு. கடைசியில் வந்து சேர்ந்தது கல்லுக்கு அடிக்கும் சீலர். முதல் மூன்றையும் கேட்டுப் பழகிய காது நான்காவதையும் பூட்டு என்றே எடுத்துக்கொள்கிறது.

அது பூட்டு இல்லை. பார்க்கக் கண்ணாடி போல இருந்தாலும் கல்லில் கனிம மணிகளுக்கு நடுவே மிக நுண்ணிய இடுக்குகள் உண்டு. சமையல் மேடைக்குப் பூசும் சீலர் பெரும்பாலும் சிலேன், சிலாக்சேன் வகைச் சேர்மங்கள் கலந்த திரவம். எண்ணெயையும் தள்ள வேண்டுமானால் ஃபுளோரின் கலந்த பாலிமர் சேர்ப்பார்கள். திரவம் அந்த இடுக்குகளுக்குள் இறங்கும். சுமந்துவந்த கரைப்பானோ நீரோ ஆவியாகிவிடும். மிச்சம் இடுக்கின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் நீர் அங்கே பரவ முடியாமல் தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு நிற்கும். துளை திறந்தேதான் இருக்கிறது, கல்லுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாக வெளியேறவும் முடிகிறது. சிந்தியதை உடனே துடைத்தால் கறை இல்லை. ஊறுகாய் எண்ணெய் வழியும் ஜாடியை மாதக்கணக்கில் ஒரே இடத்தில் வைத்தால் எந்தச் சீலரும் நிற்காது. நமக்குக் கிடைப்பது அவகாசம்.

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? 'முத்திரைப் பூச்சு' என்று அகராதியைப் பார்த்து மொழிபெயர்ப்பது வேண்டாம், அது தாலுகா ஆபீஸ் ரப்பர் சீலைத்தான் நினைவுபடுத்தும். 'அடைப்பான்' நல்ல சொல், ஆனால் வேறு பொருளுக்கு உரியது. சிங்க் ஓரத்திலும் சுவர் சேரும் கோட்டிலும் துப்பாக்கியால் பிதுக்கி வைக்கிறார்களே சிலிக்கான், அதுதான் அடைப்பான். அந்த வேலைக்குத் தமிழில் பழைய சொற்களும் உண்டு. கடலூர் முதுநகர்ப் பக்கம் மரப்படகின் பலகை இடுக்கில் பஞ்சு திணித்து அடைப்பதைக் கலப்பத்து என்பார்கள், கலப்பற்று என்றும் எழுதுவதுண்டு. சித்த மருத்துவத்தில் புடம் போடும் பாண்டத்தின் வாயை மண் தோய்த்த துணியால் சுற்றி அடைப்பது சீலைமண். இதில் உள்ள சீலை துணிதான், ஆங்கிலச் சீலுக்கும் அதற்கும் உறவில்லை, ஓசை மட்டும் ஒத்துப்போகிறது.

கல்லில் நடப்பதற்கு என் தங்கை வாயிலிருந்தே சொல் கிடைத்தது: ஊறுதல். உளுந்தை ஊற வைக்கிறோம், மணற்கேணியில் தண்ணீர் ஊறுகிறது. உள்ளே போவதற்கும் உள்ளிருந்து வருவதற்கும் ஒரே வினை. அந்த வளையத்தைப் போட்ட ஊறுகாயின் பெயரிலும் அதுவே இருக்கிறது. முதலில் 'ஊறல் தடுப்பு' என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் எங்கள் மாவட்டத்தில் ஊறல் என்றால் பேப்பரில் படித்துப் பழகிய சாராய ஊறல்தான் முந்திக்கொண்டு வரும், ஊறல் தடுப்பு என்றால் மதுவிலக்குப் போலீஸ் என்று நினைப்பார்கள். அதனால் கைவிட்டேன்.

'ஊறாக்காப்பு' என்று சொல்லலாம் என்பது என் கருத்து. வாடாமலர், அழியாப்புகழ் போல எதிர்மறைப் பெயரெச்சம். காப்பு என்ற பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. கோயிலில் மூலவர் திருமேனிக்குச் சாத்துவதைத் தைலக்காப்பு, எண்ணெய்க்காப்பு என்றுதான் சொல்கிறோம். பூசுவதும் பாதுகாப்பதும் அந்த ஒரே சொல்லில் அடங்குகின்றன. காப்பை அவ்வப்போது மறுபடி சாத்த வேண்டும் என்பதும் கேட்பவருக்குத் தெரியும். சீலர் என்ற சொல்லில் இல்லாதது இதுதான்.

எல்லாக் கல்லுக்கும் காப்பு வேண்டியதில்லை. திண்டிவனம் பக்கத்துக் குன்னம் கருப்பு போன்றவை கடையில் கிரானைட் என்று விற்றாலும் கல்லியலில் வேறு இனம், மணிகள் நெருக்கமானவை, ஊறுவது மிகக் குறைவு. அதில் பூசினால் திரவம் இறங்க இடமில்லாமல் மேலேயே காய்ந்து மங்கலாகப் பிசுபிசுக்கும். தங்கை வீட்டில் இருப்பது 'காஷ்மீர் ஒயிட்'. பெயரில்தான் காஷ்மீர், வெட்டுவது மதுரை மேலூர்ப் பக்கம். வெண்மையில் சிவப்புக் கார்னெட் புள்ளிகளோடு அழகான கல், ஆனால் நன்றாக ஊறும். கட்டடக் கிரானைட்டுக்கான அமெரிக்கத் தரநிலை ஏஎஸ்டிஎம் சி 615, எடையில் 0.40 சதவீதத்துக்கு மேல் நீர் ஊறக் கூடாது என்கிறது. வீட்டில் அதை அளக்கத் தராசு வேண்டாம். காய்ந்த மேடையில் ஒரு ஸ்பூன் தண்ணீரை விட்டு 10 அல்லது 15 நிமிடம் கழித்துத் துடையுங்கள். அந்த இடம் கருத்துத் தெரிந்தால் காப்பு வேண்டும். இல்லையென்றால் இப்போதைக்கு வேண்டாம். ஆண்டுக்கொரு முறை இதைச் செய்து பார்த்தாலே போதும், நாட்காட்டி பார்த்துப் பூச வேண்டாம்.

பூசுவது எளிது. மேடையைக் கழுவி ஒரு நாள் முழுக்கக் காய விட்டு, துணியில் தொட்டுத் தேய்த்து, டப்பாவில் போட்டிருக்கும் நிமிடக் கணக்குக்குப் பிறகு மிச்சத்தைத் துடைத்தெடுக்க வேண்டும். இந்தத் துடைப்பில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அடுத்த ஒரு நாள் தண்ணீர் படக் கூடாது.

மஞ்சக்குப்பத்தில் அம்மா வீட்டு மேடை கடப்பா கல். அது சுண்ணாம்புப் பாறை. புளியும் எலுமிச்சையும் அதை அரிக்கும், அரித்த இடம் வெளுத்துச் சொரசொரப்பாகும். ஊறாக்காப்பு ஊறுவதைத்தான் காக்கும், அரிப்பை நிறுத்தாது. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு கடப்பாவுக்குச் சீலர் வாங்கி ஏமாறுகிறவர்கள் உண்டு.

கறை ஏறிவிட்ட கல்லுக்கும் ஒரு நல்ல சொல் நம்மிடம் உண்டு: பற்று. தலைவலிக்கு நெற்றியில் போடுகிற அதே பற்று. சமையல் சோடாவைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து வளையத்தின் மேல் அரை அங்குலத்துக்கு அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஓரத்தை ஒட்டி, ஒரு நாள் விட்டோம். பிறகு தாளை எடுத்துக் காய விட்டோம். காயும்போது மாவு எண்ணெயை மேலே இழுத்துக்கொள்ளும். பெயர்த்தெடுத்தபோது அடிப்பக்கம் பழுப்பேறியிருந்தது. மூன்று பற்றுக்குப் பின் வளையம் பாதிக்கு மேல் மங்கிவிட்டது. மஞ்சள் சாயம் மட்டும் மிச்சம், அது வெயில் பட்டால் வெளிறும் என்று ஜன்னல் திரையை விலக்கி வைத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை நான்காவது பற்று. கல் காய்ந்ததும் ஊறாக்காப்பு.