பங்கு வீட்டு மொட்டைமாடியில் சோலார்: மானியம் வாங்குவது எப்படி?

காரைக்குடிப் பக்கத்தில், பல பங்காளிகளுக்குப் பொதுவான பங்கு வீடு வைத்துக்கொண்டு சோலார் மானியம் பற்றி விசாரிக்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "கரண்ட் பில் யார் பேர்ல வருது?" பலரும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஐயா பேர்லதான்" என்பார்கள். ஐயா என்றால் தாத்தா. அவர் காலமாகி முப்பது வருஷம் ஆகியிருக்கும்.

வீட்டு மாடியில் சோலார் போட மத்திய அரசு மானியம் தரும் பி.எம். சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. ஒரு கோடி வீடுகளுக்கு என 75,021 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். 2026-27 நிதியாண்டு வரை நடக்கும். முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. ஆக 78,000. அதற்கு மேல் எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் மானியம் அதேதான்.

மாதம் 150 யூனிட் வரை செலவாகும் வீட்டுக்கு ஒன்று முதல் இரண்டு கிலோவாட், 300 வரை என்றால் இரண்டு முதல் மூன்று. நமக்கு பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், அதிலுள்ள யூனிட்டைப் பாதியாக்கிக் கணக்கிடுங்கள். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத இடம் சுமார் 100 சதுர அடி வேண்டும். நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் கிடைக்கும்.

இனி நம் வீடுகளுக்கே உரிய சிக்கல். விண்ணப்பம் மின் இணைப்பு யார் பெயரிலோ அவர் பெயரில்தான் போகும். இறந்தவர் பெயரில் இருந்தால், வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் வைத்து இ.பி. ஆபீசில் முதலில் பெயர் மாற்றுங்கள். மாடியும் எல்லாப் பங்காளிகளுக்கும் பொது. அதற்கும் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுவது நல்லது. வாய்ப்பேச்சை நம்பிப் பேனலை ஏற்றிவிட்டுப் பிறகு மனஸ்தாபப்பட வேண்டாம்.

வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய ஓட்டுச் சரிவை விட்டுவிடுங்கள். முகப்பு மேல் இருக்கும் மொட்டைமாடிதான் ஏற்ற இடம். அது பழைய சுண்ணாம்புத் தளம். போல்ட் அடிக்கத் துளை போட்டால் அடுத்த ஐப்பசியில் கீழே நாம் உட்காரும் பட்டாலையில் சொட்டும். துளையில்லாமல் கான்கிரீட் கட்டைகளின் பாரத்தில் நிற்கும் சட்டம் கேளுங்கள். தளம் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று விவரம் தெரிந்த கொத்தனாரோ பொறியாளரோ பார்க்கட்டும்.

திட்டத்தின் இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்து, அங்கே பட்டியலில் உள்ள நிறுவனத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தியாவில் செய்த செல், பேனலுக்கு மட்டுமே மானியம். விலை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், மூன்று இடத்திலாவது கேளுங்கள். பொருத்தி, நாம் வாங்கும் மின்சாரத்தையும் திருப்பித் தரும் மின்சாரத்தையும் கணக்கிடும் நெட் மீட்டர் வைத்து, ஆய்வு முடிந்தபின் பணம் வங்கிக் கணக்குக்கு வரும். அடமானம் இல்லாத கடன் வசதியும் உண்டு.

ஒன்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பேட்டரி இல்லாத இந்த அமைப்பு, கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்கிற ஊழியரின் உயிரைக் காக்கத்தான் அப்படி.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது பில் குறைவதைவிட, இந்த மின்சாரத்தில் வண்டி ஓட்டி, சமைத்து, பெட்ரோலையும் எரிவாயுவையும் குறைப்பது. நாடு கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. சமையல் எரிவாயுவில் சுமார் 60 சதவீதம். பகல் வெயிலில் சுமார் 3 யூனிட் ஏற்றினால் மின்சார ஸ்கூட்டர் காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இரண்டு முறை போய்வரும். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து வரவழைத்த சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பேட்டரி ஆராய்ச்சி நடக்கிற ஊர் இது. நாம்தான் முதலில் மாற வேண்டும் என்று நினைக்கிறேன். கவுனி அரிசி வேக மின்சார குக்கர் போதும். நம் பழைய பணியாரச் சட்டி மட்டும் இண்டக்‌ஷனில் உட்காராது, அதற்கு ஒரு சிலிண்டர் இருக்கட்டும்.

திருவிழாவுக்கு மட்டும் திறக்கும் வீட்டில் சோலார் போடாதீர்கள். அதே ஊரில் குடியிருக்கும் பங்காளி வீட்டில் போடுங்கள்.

எங்கள் வீட்டில் சம்மதக் கடிதத்தை, முன்னோருக்குப் படைக்கும் படைப்பு அன்றுதான் நீட்டினோம். எல்லாப் புள்ளியும், அதாவது எல்லாக் குடும்பமும் ஒரே இடத்தில் இருக்கும் நாள் அதுதானே. பந்தி முடிந்து பட்டாலையில் உட்கார்ந்திருந்தபோது பேனாவும் வெற்றிலைத் தட்டும் சேர்ந்தே சுற்றின. சிங்கப்பூர் சித்தப்பா கையெழுத்து மட்டும் தபாலில் வந்தது.