கல்யாண ஜாக்கெட்டைச் சின்னதாகத் தைத்தால் ஒல்லியாகத் தெரியாது

ஹட்டனில் கல்யாண உடுப்புத் தைக்கிறவள் நான். தை மாதம் வந்துவிட்டால் கடைக்கு வருகிற அம்மாமார், சித்திமார், அத்தைமார் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றையே சொல்கிறார்கள்: "புள்ள கொஞ்சம் உடம்பா இருக்கா. ரெண்டு இன்ச் கொறைச்சுத் தைங்கம்மா, அப்பத்தான் ஒல்லியாத் தெரியும்." கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

போன வாரம் ஒரு பெண் வந்தாள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற பிள்ளை. மறுநாள் காலை முகூர்த்தம். வேறோர் இடத்தில் தைத்த பட்டு ஜாக்கெட்டைப் போட்டுக் காட்டினாள். கொக்கிகளுக்கு நடுவே இடைவெளி, அதை மறைக்க வரிசையாக ஊசி. "கையைத் தூக்கு, மாலை போடுகிற மாதிரி" என்றேன். தோளுக்கு மேல் கை போகவில்லை. கழற்றிப் பார்த்தால், கைச் சுற்று பதிந்த இடம் சிவந்து தடித்திருந்தது. ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பினேன். பக்கத் தையலில் கால் இன்ச் துணி மட்டும் விட்டு, ஓரம் பிரியாமல் ஓவர்லொக் அடித்திருந்தார்கள். பிரித்துவிட ஒன்றுமே இல்லை. தையலோரம் பட்டு இழை விலகி, அடியில் இருந்த லைனிங் தெரிந்தது. இழை விலகிய பட்டை எந்தத் தையலாலும் சேர்க்க முடியாது.

"என் உடம்புதான் அக்கா பிரச்சினை" என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. அவள் உடம்பில் ஒரு குறையும் இல்லை. வெட்டு பிழை.

சின்னதாகத் தைத்தால் உடம்பு எங்கே போகும்? மறைந்தா போகும்? மார்புக்குத் துணி போதாவிட்டால் அது முதுகிலிருந்து இழுக்கும். பக்கத் தையல் முன்னால் திரும்பும். கழுத்து மேலே ஏறும். கைக்குழி இறுக்கினால் அக்குள் சதை முன்பக்கம் பிதுங்கி வரும். முதுகில் பிரா பட்டிக்கு மேலொன்று கீழொன்றாக மடிப்பு விழும். இந்த மடிப்புகளைத்தான் போட்டோவில் பார்த்துவிட்டு "குண்டாத் தெரியுது" என்கிறீர்கள். அளவாகத் தைத்த ஜாக்கெட்டில் இந்த மடிப்பே விழாது. துணி உடம்பின் மேல் வழுவழுவென்று படிந்தால் பார்க்கிறவர்களின் கண் எங்கும் தடுக்காமல் போகும், அவ்வளவுதான் விஷயம். இரண்டு இன்ச் குறைத்தால் இரண்டு இன்ச் மெலிந்து தெரியும் என்று எந்தக் கண்ணாடியும் இதுவரை காட்டியதில்லை.

அதற்காகத் தொளதொளவென்று தைப்பதும் சரியில்லை. "பெரிய சைஸ்" என்றதும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கூட்டிவிடுகிறார்கள். மார்பும் கையும் பெருத்தால் தோள் எலும்பும் கூடவா வளரும்? தோளை எலும்பு முடிகிற இடத்திலிருந்து அளக்க வேண்டும். இல்லாவிட்டால் தோள் வழிந்து, ஆளே அகலமாகத் தெரிவாள். கைக்குழியை ஆழமாக வெட்டினால் கை தூக்க வசதி என்பதும் தப்பு. ஆழம் கூடக் கூட, கை தூக்கும்போது ஜாக்கெட் முழுதும் மேலே வரும். குழியை உயர்த்தி வைத்துக் கையை அகலமாக வெட்ட வேண்டும். தொழில் பழகுகிற பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மார்பு பெருத்தவர்களுக்குப் பிரின்சஸ் கட் நல்லது. தோளிலிருந்தோ கைக்குழியிலிருந்தோ இடுப்பு வரை இறங்கும் அந்தத் தையலில் அங்கங்கே வேண்டிய அளவுக்கு வளைத்துக்கொள்ளலாம். கை முழங்கை வரை இருந்தால் அழகு. கையின் பருத்த இடத்தில் வந்து முடிகிற குட்டைக் கைதான் பெரிதாகக் காட்டும். கொழுந்து எடுக்கிற பெண்களுக்குக் கை இறுகித் திரண்டிருக்கும், வேலைக் கை மற்றதைவிடப் பெருத்தும் இருக்கலாம். இரண்டு கையையும் அளக்கச் சொல்லுங்கள், மடக்கியும் அளக்கச் சொல்லுங்கள். மணவறையில் சம்மணமிட்டு நெடுநேரம் இருக்க வேண்டுமே, அதனால் இடுப்பை உட்கார்ந்தபடியும் ஒரு தடவை அளக்க வேண்டும். கல்யாணத்தன்று போடப்போகிற பிராவைப் போட்டுக்கொண்டு அளவு கொடுக்க வாருங்கள். பழைய பிராவில் எடுத்த அளவு புதியதில் பொருந்தாது.

சேலை விஷயத்தில் யாரும் யோசிக்காத ஒன்று நீளம். சேலை இடுப்பை ஏறக்குறைய இரண்டு சுற்று சுற்றுகிறது. இடுப்பு 10 இன்ச் கூடினால் 20 இன்ச் துணி அங்கேயே போய்விடும், கிட்டத்தட்ட அரை மீற்றர். அப்புறம் கொசுவம் நாலு மடிப்பு கூட வராது, முந்தானையும் குட்டையாகும். கூறைச் சேலை எடுக்க வெள்ளவத்தைக்கோ கண்டிக்கோ போகிறவர்கள் கடையிலேயே விரித்து அளந்து பாருங்கள். சேலையோடு வருகிற ஜாக்கெட் துணி பெரும்பாலும் 80 சென்ரிமீற்றர்தான். பெரிய உடம்புக்கு முழங்கை வரை கை வைக்க அது காணாது. அந்தத் துண்டு உள்முனையில் இருந்தால் வெட்டாமல் விட்டுவிடுங்கள், சுற்றுவதற்கு உதவும். ஜாக்கெட்டுக்குப் பொருத்தமான துணியைத் தனியாக எடுக்கலாம். டிஷ்யூ, ஓர்கன்சா மாதிரி விறைப்பான துணி உடம்போடு படியாமல் விரிந்து நிற்கும். மெல்லிய பட்டு படிந்து விழும். நிறத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள், பிள்ளைக்குப் பிடித்த நிறத்தை எடுங்கள்.

சர்ச்சில் கல்யாணம் என்றால் வெள்ளைக் கவுன். வாடகைக்கு எடுக்கிறவர்கள் சிப் ஏறுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வருகிறார்கள். உட்கார்ந்து பாருங்கள், முழங்காலில் நின்று பாருங்கள். சிப்புக்குப் பதில் முதுகில் கயிறு கோத்துக் கட்டுகிற மாதிரி இருந்தால் சில இன்ச் கூட்டிக் குறைக்கலாம். மார்புக்குக் கீழே பிடித்து அங்கிருந்து சீராக விரிகிற வெட்டு பெரும்பாலானவர்களுக்கு எடுப்பாக இருக்கும். முழங்கால்வரை இறுக்கிப் பிடிக்கிற மீன்வால் கவுனைப் போட்டுக்கொண்டு லயத்து வரிசை வீட்டிலிருந்து ரோட்டுக்கு எப்படிப் படி இறங்குவாள்? ஹோம்கமிங், அதாவது கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் வைக்கிற விருந்து, கீழே கொழும்புப் பக்கம் என்றால் லைனிங் பருத்தியாக இருக்கட்டும். நுவரெலியாக் குளிருக்குத் தோதான சாட்டின் லைனிங் அங்கே வேர்த்து ஒட்டும்.

"கல்யாணத்துக்குள்ள மெலிஞ்சிருவா" என்ற பேச்சும் வேண்டாம். இன்றைய அளவுக்குத் தையுங்கள். மெலிந்தால் பிடிப்பது பத்து நிமிஷ வேலை. ஜாக்கெட்டுக்குள் நுழைவதற்காகப் பட்டினி கிடந்து, முகூர்த்த நேரத்தில் மயங்கி விழுகிற அளவுக்குப் பிள்ளையைக் கொண்டுபோகாதீர்கள். அம்மாமாரிடம் இன்னொன்றும் கெஞ்சிக் கேட்கிறேன். அளவு எடுக்கும்போது பக்கத்தில் நின்று "இவ உடம்புக்கு எது போட்டாலும் இப்படித்தான்" என்று சொல்லாதீர்கள். டேப் பிடித்திருக்கிற எனக்கு அந்தப் பிள்ளையின் தோள் குறுகுவது கையிலேயே தெரிகிறது. குனிந்து கூசி நிற்கிற உடம்பில் எடுத்த அளவு நிமிர்ந்து நிற்கும்போது சரியாக இருக்காது.

துணியை இரண்டு மாதம் முன்னதாகவே தைக்கக் கொடுங்கள். பக்கத் தையலில் இரண்டு பக்கமும் ஒன்றரை இன்ச் விடச் சொல்லுங்கள், கையிலும் விடச் சொல்லுங்கள். முடிவாகப் போட்டுப் பார்ப்பது ஒரு வாரத்துக்கு முன்னால் இருக்கட்டும், கல்யாணத்துக்கு முந்தின நாள் வேண்டாம். வெட்டின மிச்சத் துணியைக் கேட்டு வாங்கி வையுங்கள். கடைசியில் கை இறுக்கினால் அக்குளில் ஒரு துண்டு வைத்துத் தைத்துக் கொடுக்கலாம், அதே துணி இருந்தால் வெளியே தெரியாது.